தாம்பூலப் பையில் பூச்சி மருந்து

திருவானைக்காவலில் பஸ் ஏறிய இரண்டு பெண்களும் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததும், மூத்தவள் தாம்பூலப் பையைக் காலி செய்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தேங்காயை மறுபடி போட்டாள்.

“ஏங்க்கா திருப்புறீங்க?”

“அதுல என்ன அடிச்சிருக்குன்னு படிச்சியா? ‘பூண்டோடு அழிக்கும்’னு இருக்கு.”

“மாப்பிள்ளையோட அப்பாவுக்குத் துறையூர்ல பூச்சி மருந்துக் கடை. பை என் செலவுன்னு அவரே அடிச்சுக் குடுத்தாராம்.”

“ஆல்போல் தழைக்கணும்னு அட்சதை போட்டுட்டு, இதையா வாங்கிட்டுப் போறது? பொண்ணு மாப்பிள்ளை பேரையாவது போட்டிருக்கலாம்ல?”

“பொண்ணோட அப்பாவும் கேட்டிருக்காரு. கடை விலாசத்துக்கே எடம் சரியாப் போச்சுன்னுட்டாராம் சம்பந்தி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பொண்ணோட அப்பா சரின்னுட்டாரு. பொண்ணு அங்க போய் வாழணுமே.”

என் பக்கத்தில் தோளில் துண்டோடு இருந்தவர் முன்னால் குனிந்தார். “அந்த விலாசத்தைக் கொஞ்சம் காட்டுங்கம்மா. வயல்ல ஒரே புழு.”

மூத்தவள் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பையை நேராகத் திருப்பி நீட்டினாள்.

“நல்லா படிச்சுக்குங்க. இதுக்குத்தான் கல்யாணமே நடந்துச்சு.”