எட்டாம் நாள் குப்பி

எனக்கு மாடு என்றாலே பயம், ஐயா. தம்பியின் பண்ணைக்குப் போனால் வேலிக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன். "ஆஸ்பத்திரியில தினமும் ரத்தம் எடுக்கறே, ஒரு கன்னுக்குட்டியப் பார்த்து இப்படி நடுங்கறியே அக்கா" என்று சிரிப்பான். அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன்.

அவன் பண்ணையில் பால் கறந்தவர்தான் நீங்கள் கேட்கும் அந்த நோயாளி. மூன்று வாரமாக மாலையானால் காய்ச்சல், இடுப்பு வலி, நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை. டாக்டர் கெட்டிக்காரர். பரிசோதனைச் சீட்டிலேயே, 'மாட்டுப் பண்ணையில் வேலை. குப்பியை மூன்று வாரம் வைக்கவும்' என்று எழுதியிருந்தார். ரத்தத்தைக் குப்பியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்போம். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். ஐந்து நாளில் ஒன்றும் வராவிட்டால் குப்பியைக் கழித்துவிடுவோம். மாட்டிலிருந்து வரும் இந்தக் கிருமி மட்டும் ஆற அமரத்தான் வளரும்.

எட்டாம் நாள் குப்பி கலங்கியது. நுண்ணோக்கியில் பொடி மணல் தூவியது போலிருந்தது; அந்த மாட்டுக் கிருமியேதான். ஆய்வகத்தில் நான் மட்டும்தான். தம்பிக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இது வெளிய தெரிஞ்சா மொத்த மாட்டையும் கொன்னு புதைச்சிருவாங்க. என்னையும் சேர்த்துப் புதைச்சிரு."

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். குப்பியை நீராவியில் வேகவைத்துக் கொட்டினேன். இருபத்தோராம் நாள்தான் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். முன்பே கொடுத்தால் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் என்னை நம்பி, காசநோய்க்கு மருந்து தொடங்கினார். கிருமி இதய வால்வை அரித்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் நோயாளியின் மனைவி தினம் வந்தாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்லம்மா."

"உங்களத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

அவர் இறந்ததும் தம்பி அந்த வேலையை அவளுக்கே கொடுத்தான். இளகிய மனசு அவனுக்கு. இரண்டு மாதத்தில் அவளும் காய்ச்சலோடு வந்து நின்றாள். மெலிந்த கை, நரம்பே தெரியவில்லை. இருப்பதிலேயே சன்னமான ஊசியை எடுத்தேன்.

"நீங்க குத்தினா வலியே தெரியலக்கா" என்றாள்.

அவள் படி இறங்குவதற்குள் அவளுடைய முடிவையும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதி, இருபத்தோராம் நாள் தேதி போட்டு வைத்துவிட்டு, மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன். தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு மனசு வராது, ஐயா.