நாலாம் இடம்

மிருணாளினி: கொஞ்சம் பொறுங்கோ, காரை எடுக்காதேங்கோ.

சுஜீதன்: வீட்டில சனம் பாத்துக்கொண்டிருக்குதப்பா. மகள் ஹரிப்பிரியா கேக்கும் வாங்கி வச்சிருக்கிறாள்.

மிருணாளினி: போய் என்னெண்டு சொல்லுறது? கட்சிக்குள்ள நடந்த தெரிவில ரெண்டே ரெண்டு வோட்டால நாலாம் இடம் கைவிட்டுப் போட்டுதெண்டா?

சுஜீதன்: ஆறாம் இடம் தந்திருக்கினம்தானே...

மிருணாளினி: ஆறாம் இடத்தில இருந்து ஆரப்பா மேல்சபைக்குப் போனது? முழு மாநிலமும் போடுற வோட்டுக்கு எங்கட கட்சிப் பட்டியல்ல முதல் நாலு பேர்தான் எம்பி. மிச்சம் அலங்காரம். சாறியோட ஒரு கறுத்த முகம் படத்துக்கு வேணும் அவைக்கு.

சுஜீதன்: கிறெய்க் வந்து உம்மைக் கட்டிப்பிடிச்சு...

மிருணாளினி: வெண்டவன் கட்டிப்பிடிப்பான்தானே. அவனில எனக்குக் கோவமில்ல. எங்கட ஆக்களில ஆர் மாறினது? அதைச் சொல்லுங்கோ. அவ்வளவு பேரும் வீட்டை வந்து ரோல்ஸ் சாப்பிட்டு, ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை எண்டு தலையாட்டிப்போட்டுப் போனவை.

சுஜீதன்: ரகசிய வோட்டப்பா. ஆர் கண்டது?

மிருணாளினி: கேதீஸ்வரன் அங்கிள்தான்.

சுஜீதன்: சும்மா இரும்.

மிருணாளினி: அவர்தானே சொன்னவர்... “எங்கட சனம் இருக்கிற செவன் ஹில்ஸ் மட்டுமெண்டா நீர் வெல்லுவீர் பிள்ளை. இது முழு மாநிலம். வெள்ளை முகம் முன்னுக்கு நிண்டாத்தான் கட்சிக்கு நல்லம்” எண்டு.

சுஜீதன்: பொய்யே? வெள்ளையள் இருக்கிற டப்போ பக்கம் கட்சி நோட்டீஸ் குடுக்கப் போனபோது நீரும் கண்டனீர்தானே.

மிருணாளினி: ஓம், கண்டனான். கதவைத் திறந்த உடன “கிளீனிங்குக்கு ஆள் வேண்டாம்” எண்டு சொல்லிச்சுது அந்த மனிசி. நோட்டீசில என்ர முகத்தை வெளுப்பாக்கி அடிச்சும் சரிவரேல்ல.

சுஜீதன்: அது லைட்டிங்...

மிருணாளினி: எங்கட கலியாண அல்பத்தில கூட அவ்வளவு பவுடர் இல்லையப்பா!

சுஜீதன்: பரவாயில்ல, சிரிக்கிறீர்.

மிருணாளினி: வயிறு எரியுது. சிரிக்கிறனாம்... போனைத் தாங்கோ.

சுஜீதன்: ஆருக்கு?

மிருணாளினி: அங்கிளுக்கு. வீட்டை வரச் சொல்லப்போறன். எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேக்கப்போறன்.

சுஜீதன்: வேண்டாம்.

மிருணாளினி: ஏன்? என்ர முதுகில குத்தினவருக்கு மரியாதையோ?

சுஜீதன்: அவர் உமக்குத்தான் போட்டவர்.

மிருணாளினி: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சுஜீதன்: எனக்குப் பக்கத்தில நிண்டுதான் எழுதினவர். பேப்பரை மறைக்கவும் இல்ல. உம்மட பேருக்கு நேர போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவர். நான்... என்ர பேப்பரை மடிச்சிட்டன்.

மிருணாளினி: ஏன் மடிச்சனீங்கள்?

சுஜீதன்: காரை எடுக்கிறன், வீட்டை போய்க் கதைப்பம்.

மிருணாளினி: சுஜீ. ஏன் மடிச்சனீங்கள்?

சுஜீதன்: உமக்கு நாலாம் இடம் தந்து, நிறத்தைப் பாத்துச் சனம் வோட்டைப் போடாம விட்டா... அந்த இடம் கட்சிக்கு இல்லாமப் போனா... பழி முழுக்க உம்மட தலையிலதான் விழும். பேப்பர், டிவி எல்லாம் உம்மைத்தான் கிழிப்பாங்கள். அதை என்னால பாக்க ஏலாது. கிறெய்க்குக்குப் போட்டுட்டன்.

மிருணாளினி: கிறெய்க்குக்கோ?

சுஜீதன்: திட்டும். நல்லாத் திட்டுமப்பா. நான் மட்டும் உமக்குப் போட்டிருந்தா நீர் இப்ப...

மிருணாளினி: சமனாத்தான் வந்திருக்கும். வெல்லுறதுக்கு இன்னொரு வோட்டும் வேணும். பேனையைக் கையில எடுக்க, எனக்கே என்னில நம்பிக்கை வரேல்ல... நானும் அவனுக்குத்தான் போட்டனான்.