ஏசியை அடைத்த சாமந்தி

மே பதினேழு, காலை பத்து இருபது, காற்றே இல்லாத வெயில். மீஞ்சூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அவர்களில் பழைய பிக்கப் வண்டி ஓட்டுகிற இளைஞன் ஒருவன் தன் நண்பனிடம் சொன்னான்:

"சாமிக்கு வெச்ச பூதான்டா ஏசிய அடைச்சுக்கினு இருந்துது."

"இன்னாடா சொல்ற?"

"வெள்ளிக்கெழமையானா வண்டி முன்கண்ணாடிக்குக் கீழ, வெளிப்பக்கமா சாமந்தி வெப்பேன்ல? எதழு உதுந்து, காத்து உள்ள போற ஓட்டையில பூந்துக்கினுருக்குது. ஏசி சில்லுனுதான் இருக்கும், காத்துதான் வராது. மெக்கானிக்கு, 'ஏசிக்கு கேஸ் ரொப்பணும், நாலு நாள் வண்டிய உடு'ன்னான்."

"இன்னிக்கு ஒன் கொழந்தைய ஊட்டுக்கு அழைச்சுக்கினு போவணுமே."

"அதான் பேஜாரு. பொறந்து அஞ்சு நாளு. இந்த வெயில்ல எளாவூர் வரைக்கும் போவணும். எங்க அத்தைதான் காத்து வர்ற எடத்துல மூக்க வெச்சுப் பாத்துட்டு, 'சில்லுனுதான இருக்குது, அப்பறம் கேஸு எதுக்கு மாப்ள? அழுவன பூ வாசன வருது'ன்னாங்க. டேஷ்போர்டு பொட்டிய கழட்டுனேன். அவங்களே கைய உட்டு, ஃபேன்ல சுத்திக்கினு இருந்தத ரெண்டு கை நெறைய வழிச்செடுத்தாங்க."

"மாமியார பெருமையா பேசுற மொத ஆளு நீதான்டா."

"பேசுவேன். இப்ப காத்து மூஞ்சில அடிக்குது. கொழந்தைக்கு ஃபேன ஒண்ணுல வெச்சாலே போதும்."

"இன்னா செலவு?"

"ஓட்டைய மூட கொசுவலை நாப்பது ரூபா. அத்தைக்குப் பொடவை எண்ணூத்தம்பது."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஏசி ரிப்பேருக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.