வீரம்மாவின் முகம்

தோட்டத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கழிவறை. கதை, வெளிச்சம், கேமரா எல்லாம் அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு பேர், அதில் நான்கு பெண்கள், காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை ஆளில்லாத லயத்தில், பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்க வேண்டும். யாருக்கும் சிரமம் வரக்கூடாது என்று இதை நான் இரண்டு மாதம் முன்பே யோசித்துவிட்டேன். என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

என் பெயர் யுகேந்திரன். வயது நாற்பத்திரண்டு. ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். பதினான்கு வருடமாக ஒரே ஒரு படம் எடுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கதை சின்னதுதான். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு தோட்டம். எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஓடிப்போன மகன் திரும்பி வருவான் என்று ஒரு அம்மா மட்டும் கடைசி வீட்டில் இருக்கிறாள். முடிவில் மகன் இறந்த செய்தி வருகிறது. தாப்பா ஊரிலிருந்து உள்ளே தள்ளி அப்படியொரு லயம் கூரையோடு மிச்சமிருந்தது. வீடு கிடைத்துவிட்டது. அம்மாதான் கிடைக்கவில்லை.

ஜெலாப்பாங்கில் ஒரு கடை மாடியில் இருக்கும் டியூஷன் அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். என் உதவி இயக்குநர் ஜானிஸ் முப்பது பெண்களுக்கு மேல் வரவழைத்தாள். எல்லாரும் நன்றாக அழுதார்கள். அழுகையை நான் கேட்கவில்லையே என்று எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிறு அந்த மாடியைக் கூட்டித் துடைக்கும் அம்மா வாளியோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். ஜானிஸ்தான் விளையாட்டாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்க ஒரு தடவ ட்ரை பண்ணுங்கலா. மகனக் கூப்பிடணும், அவ்ளோதான்."

"எந்த மகன?"

"உங்களுக்கு மகன் இருந்தா அவரு பேரச் சொல்லுங்க."

அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "தனேசு" என்றார். சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் இருப்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. அதன் பிறகு பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் பதினான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்தான் வீரம்மா. வயது அறுபத்தொன்று.

அவர் கதையை நான் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் கணவர் மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். லாரி இடித்து அவர் அங்கேயே இறந்துவிட்டார். ஓட்டிய தனேஷுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பிணத்தைத் தூக்கிய அன்று வீரம்மா மகன் காதில் விழும்படி எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொன்னார். கருமாதிக்கு முன்பே அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

"கோவத்துல வாய் சொல்லிடுச்சு தம்பி. மனசு சொல்லல. மறுநாளே அவனக் கூப்ட்டு மன்னிச்சுக்கய்யான்னு சொல்லணும்னு நெனச்சேன். எழுந்து பாத்தா பாய் சுருட்டி வச்சிருக்கு."

அந்த வார்த்தையை நான் திரைக்கதையில் எழுதினேன். ஒத்திகையில் வீரம்மா அதைச் சொல்ல மறுத்தார். மூன்று ஞாயிறு மறுத்தார். "மத்ததெல்லாம் சொல்றேன். அது வேணாம் தம்பி" என்றார். நான் கோபப்படவில்லை. நான் யாரிடமும் கத்துகிறவன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு முறை வெளியே சொல்லிவிட்டால் அது உங்களை விட்டுப் போய்விடும் அம்மா என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நான்காவது ஞாயிறு சொன்னார்.

"அவன் என் மூஞ்சில முழிக்கக்கூடாது. எனக்கு மகன் இல்ல. அப்பனோட சேந்து அவனும் போய்ட்டான். வந்தா வாசல்லகூட நிக்க விடாதீங்க."

ஜானிஸ் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். நல்ல ஒத்திகைகளை எப்போதும் பதிவு செய்து வைப்பேன். நடிகர்களுக்குப் பிறகு போட்டுக் காட்ட உதவும்.

செப்டம்பரில் ஜானிஸ் எங்கள் படத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வீரம்மாவின் படத்தைப் போட்டாள். இரண்டு நாளில் ஒரு செய்தி வந்தது. 'அண்ணே, இவங்க பேரு வீரம்மாவா? எங்க அம்மா மாதிரி இருக்கு. உயிரோட இருக்காங்களா?' கீழே ஒரு கைப்பேசி எண்.

பக்கத்துக்கு வரும் செய்திகளை நான்தான் பார்ப்பேன். எண்ணைக் குறித்துக்கொண்டு செய்தியை அழித்தேன். குறித்துக்கொண்டுதான் அழித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பேசிவிட்டு, அவன் இருந்த கமுந்திங்குக்கு நானே காரில் போனேன். தனேஷ் ஒரு தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தான். வயது முப்பத்து மூன்று, பார்க்க ஐம்பது போல இருந்தான். முகம் கறுத்து ஊதியிருந்தது. இடது கையில் ஊசி போட்ட இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றான். பால் ஊற்றாத டீ, தே ஓ, வாங்கி எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தான். அவன் குடிக்கவில்லை. தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டுமாம்.

"அம்மாக்கு ஒடம்பு எப்படிண்ணே?"

"பிரஷர் இருக்கு. மத்தபடி நல்லா இருக்காங்க."

"என்னைப் பத்தி ஏதும் பேசுவாங்களா?"

பேசுவார் என்றேன். அது உண்மை. அவன் தே ஓவுக்குக் காசை எண்ணி மேசையில் வைத்தான். பிறகு, "இப்பவே ஒங்க கார்ல வந்துடவாண்ணே?" என்றான்.

நான் யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் சேர்ந்த ஒன்று அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது. இவன் போய் வாசலில் நின்றால் ஒரு மத்தியானத்தில் அது கரைந்துவிடும். அதன் பிறகு அவர் சந்தோஷமான ஒரு கிழவி. அப்படிப்பட்டவர்கள் ஈப்போவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சேரக்கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. படப்பிடிப்பு முடிய மூன்று வாரம், அதற்குப் பிறகு சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவனிடம் அப்படியே சொன்னேன். அம்மாவுக்குப் பிரஷர், திடீரென்று பார்த்தால் தாங்கமாட்டார், நான் பக்குவமாகப் பேசி வைக்கிறேன், படம் முடியட்டும் என்றேன்.

"மூணு வாரந்தானேண்ணே. பன்னெண்டு வருசமே போச்சு. இருக்கேன்" என்றான். காரின் கதவை அவனே திறந்துவிட்டான்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் கம்பெனி உள்ளே லாரி விட அனுமதி தரத் தாமதித்தது. படப்பிடிப்பை இரண்டு முறை தள்ளி வைத்தோம். தனேஷ் ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடிந்ததும் எனக்குப் பேசுவான். தொந்தரவு செய்கிறவன் இல்லை. அம்மா சாப்பிட்டார்களா, இன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தார்கள், இவ்வளவுதான் கேட்பான். நான் ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை. நீலச் சேலை என்றால் நீலச் சேலைதான்.

நவம்பரில் பூஜைக்கு நாள் குறித்தோம். ஜானிஸ் அதை ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டாள், இடத்தோடு. செவ்வாய்க்கிழமை தனேஷ் பேசினான்.

"அண்ணே, சனிக்கெழம பூஜைக்கு வாரேன். பஸ் பாத்துட்டேன். தள்ளி நின்னு பாத்துட்டு வந்துடுறேண்ணே, அவங்களுக்குத் தெரியாம. ஒடம்பு ரொம்ப முடியல."

வேண்டாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "இல்லண்ணே, வாரேன்" என்றான். என் பேச்சை மீறி அவன் ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை ஒத்திகைப் பதிவை எடுத்தேன். முன்னால் என் குரலில் 'சரி அம்மா, சொல்லுங்கள்' என்று இருந்தது, அதை வெட்டினேன். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், அதையும் வெட்டினேன். மிச்சம் பதினொரு விநாடி. அதை அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே, 'பேசிப் பார்த்தேன் தம்பி. அம்மா சொன்னது இது. கொஞ்ச நாள் போகட்டும்' என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கதவை நான் முழுவதும் சாத்தவில்லை.

அவன் கேட்டுவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'சரிண்ணே. அம்மா சொன்னது ஞாயந்தான். பிரஷர் மாத்திரைய மட்டும் ஒழுங்கா சாப்புடச் சொல்லுங்க.'

மறுநாளே வீரம்மாவைக் கூப்பிட்டு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பெத்த புள்ள மாதிரி கேக்குறீங்க தம்பி" என்றார்.

பூஜை நன்றாக நடந்தது. அவன் வரவில்லை. அடுத்த வாரம் டயாலிசிஸ் நிலையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தனேஷ் மூன்று முறை வரவில்லை, போனும் எடுக்கவில்லை, அவசரத்துக்கு உங்கள் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார் என்றாள். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதியிருக்கிறானாம். பார்க்கிறேன் என்று சொன்னேன். அன்று தாப்பாவில் ஜெனரேட்டர்காரர் எனக்காகக் காத்திருந்தார். கமுந்திங் வடக்கே, தாப்பா தெற்கே. தனேஷுக்கு ஒரு முறை போன் போட்டேன். மணி அடித்து நின்றது. ஜெனரேட்டர் பார்க்கப் போனேன்.

நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். தனேஷோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், அதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. போய் அடையாளம் காட்டினேன். குடும்பத்தில் வேறு யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொள்ளி வைத்ததும் நான்தான். சாம்பலை ஆற்றில் கரைத்தேன். அந்த வயதில் அந்த அம்மா மகனைச் சுடுகாட்டில் பார்க்க வேண்டாம் என்று பட்டது. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு குடும்பத்தின் துக்கத்தை முழுக்க நான் ஒருவனே சுமந்தேன். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அவன் இறந்த பன்னிரண்டாவது நாள் படப்பிடிப்பு தொடங்கியது. கடைசி வீட்டின் கூரையை நம்ப முடியாததால் மகன் இறந்த செய்தி வரும் காட்சியை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. ஒத்திகையில் வீரம்மாவுக்கு வராத ஒரே காட்சி அது. மார்பில் அடித்துக்கொள்வார், டிவி நாடகம் மாதிரி இருக்கும். காலையிலிருந்து ஐந்து முறை எடுத்தோம். ஐந்தும் அப்படித்தான்.

கேமராமேன் ரோய்ஸ்டனிடம் நிறுத்தாமல் ஓட விடச் சொன்னேன். நடந்து போய் வீரம்மாவின் அருகில் உட்கார்ந்தேன். எப்படியும் ஒரு நாள் சொல்ல வேண்டியதுதான். வேறு யாரோ சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது.

"அம்மா, தனேஷ் இறந்துட்டான். நெசமாவே. கமுந்திங்ல இருந்தான். கிட்னி போயி."

அவர் என்னைப் பார்த்தார். நடிப்பா என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப?"

"பன்னெண்டு நாளாச்சு."

"கொள்ளி யாரு வச்சா?"

"நான்தாம்மா."

வீரம்மா என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்யா" என்றார். "அனாதையா விடாம பாத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்." உடம்பு முழுக்க என் பக்கம் திரும்பிவிட்டதால் கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பின்னால் ஜானிஸ், "அண்ணே, கட் பண்ணுங்கண்ணே, போதும்" என்று சொல்வது கேட்டது.

"அம்மா," என்றேன், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பினார். மாதக்கணக்காக நான் சொல்லி அவர் செய்து பழகியிருந்தார். கேமராவைப் பார்த்தபடி கேட்டார்.

"அவன் என்னையக் கேட்டானா தம்பி?"

நீங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அந்தப் பதினொரு விநாடிப் பதிவைப் பற்றித்தான். அன்று மாலை ஜானிஸ் என் கைப்பேசியில் அதைக் கண்டுபிடித்தாள். அவள் உங்களிடம் வந்தது சரிதான், எனக்கு அவள் மேல் வருத்தமில்லை. வீரம்மாவிடமும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த அம்மா பேசுவதே இல்லை என்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்தேன் என்று இருக்கக்கூடாது.

"இல்லம்மா," என்றேன். "ஒரு தடவகூட கேக்கல."

அப்போது அவர் முகத்தில் வந்ததை நான் இதுவரை எந்த முகத்திலும் பார்த்ததில்லை. ரோய்ஸ்டன் அழுதுகொண்டேதான் எடுத்தான், ஆனாலும் ஃபோகஸ் ஓர் இடத்தில்கூடப் போகவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கை ஜானிஸ் உங்களிடம் ஒப்படைத்திருப்பாள். தயவுசெய்து வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அதற்கு வேறு பிரதி கிடையாது.