மேற்கே திரும்பாத பூ

வெண்தாடி ஒளிர வீற்றிருக்கும் தலைவர் ஹாஜி முர்தசா அவர்களே, ஈரானின் கோய் சமவெளியில் பொன்விளைத்த பெரியோர்களே, தந்தூர் அடுப்பின் தணலில் தளராத தாய்மார்களே, விதை கொறித்தபடியே என் வார்த்தையையும் கொறிக்கக் காத்திருக்கும் இளைஞர்களே, இறைவனின் அமைதி உங்கள் அனைவர் மீதும் பொழியட்டும்.

சூரியகாந்தியின் புகழ் பாட என்னை அழைத்தார்கள். பாடுகிறேன். சீனர் அதை நீண்ட ஆயுள் என்றார்கள். அரபியர் கதிரவனை வணங்கும் அடியார் என்றார்கள். பெரு நாட்டுச் சூரியன் கோயிலில் கன்னியர் அதைப் பொன்னில் செய்து மார்பில் அணிந்தார்கள் என்பார்கள். கிரேக்கர் என்ன சொன்னார்கள்? கதிரவனைக் காதலித்தாள் ஒருத்தி. அவன் கைவிட்டான். ஒன்பது நாள் உண்ணாமல், உறங்காமல், அவன் போகும் திசையையே பார்த்துப் பார்த்துப் பூவாகிப் போனாள். என்ன ஐயா, பின்வரிசையில்? "அமெரிக்காவுலேர்ந்து வந்த பூ கிரேக்கனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்கிறார். சரியான கேள்வி. அவர்கள் சொன்னது வேறொரு சிறு பூ. பின்னால் வந்தவர்கள் அவள் கண்ணீரை இதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? வெளியூர் போன கணவனுக்கு மனைவி உண்மையாக இருக்கிறாளா என்று ஐயம் வந்தால், ஒரு செடியில் சிவப்பு நூல் கட்டுகிறோம். மாலையில் அது மேற்கே திரும்பினால் நல்லவள். முன்பெல்லாம் களையெடுக்கும் காலத்தில், மொட்டில் கட்டினோம். எல்லாப் பெண்களும் தேறினார்கள். இவ்வாண்டு பழி, பூ விரிந்த பிறகு வந்தது. பழி சுமந்தவள் தெல்நாஸ், நம் தலைவரின் மருமகள். லாரிக்காரரோடு சிரித்துப் பேசினாளாம்.

நூலைக் கட்டியவன் நான். மாலையில் போய் அந்த ஒரு பூவை மட்டும் பார்த்தவனும் நான். பூ கிழக்கே நின்றது.

"மாமா, பக்கத்துல இன்னொரு பூவையும் பாருங்க. ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணு போதும், போம்மா" என்றேன்.

அன்றே அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். நான்கு வயது மகளைத் தலைவர் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டோம்.

எட்டாம் நாள் என் கழுதை காணாமல் போய், பொழுது சாயும் நேரத்தில் வயலுக்குப் போனேன். பூத்த வயலில் நமக்கு வேலை கிடையாது. அறுப்பு வரை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. போனவன் பதறிப்போனேன். சூரியன் மேற்கே. பூக்கள் கிழக்கே. ஒரு பூவா, இரு பூவா? வயல் முழுவதும் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றது. விசாரித்தேன்; மொட்டுதான் திரும்புமாம், முற்றிய பூ திரும்பாதாம். ஐம்பது ஆண்டு இதை விதைத்துத் தின்ற எனக்குத் தெரியவில்லை.

பெரியோர்களே, பூ திரும்பியதா என்று கேட்டோம். கதிரவன் திரும்பி வந்தானா என்று எந்தக் கதையாவது கேட்டதா? மூன்றாண்டாகத் துருக்கியின் வான் நகரிலிருந்து ஒரு வரி எழுதாத அவள் கணவன் யாஷாருக்கு எந்தச் செடியில் நூல் கட்டினோம்? அவன் சிரித்தானா என்று எந்த லாரிக்காரரைக் கேட்டோம்? கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தெல்நாஸ் கடைசி வரிசையில் அண்ணனோடு நிற்கிறாள். அம்மா, நான் செய்தது பாவம். மன்னிக்கச் சொல்லும் தகுதிகூட எனக்கில்லை. உன் மகளை உன்னிடம் ஒப்படைக்கும்படி தலைவரை இங்கேயே கேட்கிறேன்.

"விழா முடியட்டும்ப்பா, வீட்டுல பேசிக்கலாம்" என்கிறார் தலைவர். பழியை ஊர் கூட்டிச் சொன்னோம், ஹாஜி. அது வீட்டில் பேசித் தீராது.

அமைதி, அமைதி. தலைவர் எழுந்துவிட்டார். முன்வரிசைக்கு இறங்கிக் குழந்தையின் கையைப் பிடிக்கிறார். தாய்மார்களே, நடுவில் வழி விடுங்கள். அவர் அழைத்துப் போகவில்லை, பாருங்கள். குழந்தைதான் அவரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. தெல்நாஸ், உனக்கு என் முதல் வணக்கம்.