மிஸ்கீன்ட வயிறு

இல்ல டொக்டர் மகள், பூனையில தெள்ளுப்பூச்சி இல்ல. சீப்புப் போட்டு வாரிப் பார்த்துட்டன். நீங்களும் இப்ப பார்த்தீங்கதானே. இஞ்ச, வயித்தப் பாருங்க. தொடுங்க, கடிக்காது. மழிச்சி உட்ட மாதிரி இரிக்கி. ஆரும் மழிக்கல்ல, அதுவா நக்கி நக்கித்தான். இந்தத் தொடையில ரத்தமும் கசியுது.

எப்ப தொடங்கினதா? அது... கொஞ்சக் காலம்.

பேர் மிஸ்கீன். எங்கட ஆக்கள் ஏழைய அப்பிடித்தான் சொல்லுற. மழைக்குள்ள ரோட்டோரக் கான் தண்ணியில கெடந்த குட்டி, அதால வெச்ச பேர். நான் வெக்கல்ல. வூட்டுல வெச்ச.

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையத் தூக்கிட்டுப் போறாரு எண்டு சந்தியில சிரிச்சானுகள். சிரிக்கட்டும். மகள் றுஸ்தா சொல்லுறா, மார்க்கட்டுல கொண்டு உடுங்க வாப்பா, மீன் தலையத் திண்டு பொழச்சிக்கும் எண்டு. எப்பிடிப் பொழைக்கும்? இது வாசல் தாண்டாத பூனை. உட்டா அண்டைக்கே நாய் புடிச்சிரும். நீங்க நக்குறத நிப்பாட்டுற வழியச் சொல்லுங்க, போதும்.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. வேப்பெண்ணெய் பூசின, அதையும் நக்கிட்டு வாந்தி எடுத்திச்சி. பூசப்படாதா? சரி, இனிப் பூசல்ல. பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட தண்ணி ஓதி வாங்கித் தெளிச்ச. றுஸ்தாட மூத்தவள் பொம்மைச் சட்டை ஒண்டப் போட்டு உட்டாள், கிழிச்சிட்டு. நக்குறப்ப நான் ஒரு அதட்டுப் போடுவன். ஓ, அதட்டினா இன்னும் கூடுமா? அது எனக்குத் தெரியா.

சாப்பாடு அதேதான். கீரி மீன் அவிச்சி, முள்ளு எடுத்து. ஓம், நான்தான் வெக்கிற. இப்ப.

வூட்டுல மாத்தமா? ஒண்டுமில்ல மகள். அதே வூடு, அதே கதிரை. வேற பூனை வரல்ல, ஆளும் வரல்ல. சத்தமும் இல்ல. எங்கட வூட்டுல என்ன சத்தம், நானும் பொஞ்சாதியும் கதைக்கிறல்லையே.

சிரிக்காதீங்க, உண்மைதான். றுஸ்தாட கலியாணத்தோட நிண்ட கதை. எங்கட ஆக்கள்ட கலியாணங்கள்ல சஹன் எண்டு பெரிய தட்டுல சோறு வெச்சி, சுத்தி இருந்து ஒண்டாத் தின்னுற. மாப்புளையோட முதல் சஹன்ல பொண்ணுட வாப்பா இருக்கணும். பொஞ்சாதிட தம்பி கச்சிமுகம்மது போய் அதுல குந்திட்டான். என்னக் கொண்டு போய்ப் பந்தல் காலடியில, வேன் ஓடி வந்த டிரைவர்மாரோட இருத்தினான். நான் தின்னக் கையும் கழுவாம எழும்பி வந்துட்டன். இவ என்ன சொன்னா தெரியுமா? எந்தச் சஹன்ல திண்டாலும் சோறு சோறுதானே எண்டா. தம்பிட பக்கம். அண்டையோட உட்டன் கதைக்கிறத. இப்பவும் சொல்லுறன், அது என்ட இடம்.

கோவிச்சிட்டு எங்க போற? உங்கட ஊர் பாண்டிருப்புலயும் அப்பிடித்தானே, வூடு வளவெல்லாம் பொம்புளைப் புள்ளைக்கு. ஆம்புளைக்குப் போய்ப் படுக்க ஒரு வூடு இரிக்கா? அதால அவட வூட்டுலயே இருந்த, வாயப் பூட்டிட்டு.

அப்பதான் இது வந்த. அவ இதுக்கிட்டச் சொல்லத் தொடங்கினா. மிஸ்கீன், வாப்பாட சோறு ஆறுதெண்டு சொல்லு. மிஸ்கீன், ஒரு ஆள் இன்னும் பிரஷர் குளிசை போடல்ல. நானும் உடல்ல. மிஸ்கீன், கறியில உப்பில்ல எண்டு சொல்லு. அதுக்கு அவ, மிஸ்கீன், உப்பு இரிக்கி, நாக்குத்தான் செத்துப் போச்செண்டு சொல்லு. இது நடுவுல குந்திட்டு அங்கயும் இங்கயும் பார்க்கும். விடிஞ்சா படுக்கும் மட்டும் இதுட பேர்தான் வூட்டுக்குள்ள.

இப்பவா? இப்ப ஆரும் கூப்பிடுறல்ல.

அதுதான் எண்டுறீங்களா? சரி. புண் ஆறும் மட்டும் கழுத்துல இந்தப் புனல், போடலாம். யன்னலடியில ஏறி இருக்க ஒரு பலகை, அடிக்கலாம். நூலக் கட்டி விளையாட்டுக் காட்டுற, அதையும் பார்ப்பம். காலையும் பின்னேரமும் அதே நேரத்துல பக்கத்துல இருந்து, பேர் சொல்லிக் கதைக்கணுமா? என்னத்தக் கதைக்கிற மகள்? நான் இதுக்கிட்டச் சொன்ன ஒண்டும் இதுக்கு இல்லையே.

அவவா? அவ மவுத்து. நோம்புக்குக் கொஞ்சம் முன்னம். நெஞ்சு நோவுதெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன, மையத்தாத்தான் கொண்டு வந்த.

குளிப்பாட்டிக் கபன் துணி போட்டு, முகம் பார்க்கக் கூப்பிட்டாங்க. கச்சிமுகம்மதுதான் என்ட கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனான். மச்சான், பொறுத்தன் எண்டு ஒரு சொல் சொல்லிருங்க, லாத்தா நிம்மதியாப் போகட்டும் எண்டான். எல்லாரும் என்ட வாயப் பார்த்துட்டு நிண்டாங்க. நான் அதுக்கிட்டச் சொல்லப் பூனையத் தேடின.

எப்ப தொடங்கின எண்டு முதல்ல கேட்டீங்கதானே. அப்பதான். இது அலுமாரிக்கு அடியில குந்தி நக்கிட்டு இருந்த.