தூண்ல மாட்டுன டிரில்லு

...சொரண்டுங்க தம்பி, நல்லாச் சொரண்டுங்க! துருவுக்கு அடியில தங்கமா இருக்கப்போவுது? அதுல டார்ச் வேற. கண்ணாஸ்பத்திரியிலகூட இப்புடி உத்துப் பாக்கமாட்டாங்க. கையால சுத்துற டிரில் மிஷினுங்க, அவ்வளவுதான். இந்தக் கைப்பிடியச் சுத்துனா அந்தப் பெரிய சக்கரம் சுத்தும், பல்லும் பல்லும் கடிச்சுக்கிட்டு, தொளைக்கிற பிட்டு தானா கீழ எறங்கும். கரண்டு வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.

என்னது? பாண்டிச்சேரி ஹோட்டல்ல, செவுத்துல அழகுக்கு மாட்டவா? ஆஹா! ஓட்டை போடுற மிஷின மாட்ட, செவுத்துல ஓட்டை போட இன்னொரு மிஷின் கொண்டாருவீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்!

ஜெக்கரியா பட்டறைன்னா குத்தாலத்துல யாரக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. ஜெக்கரியான்னா எங்க வூட்டுக்காரரு. டிராக்டர் கேஜ்வீலு, ஏர்க்கொழு, எது ஒடிஞ்சாலும் இங்கதான் தூக்கிட்டு வருவாங்க. போன வருசம் அடமழையில அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கிச்சு. வாயும் கோணிப்போச்சு. ஆஸ்பத்திரியில மஞ்சளா ஒரு பந்தக் குடுத்து, இத அமுக்கிக்கிட்டே இருங்கன்னாங்க. இரும்ப வளைச்ச மனுசன் கையில ரப்பர் பந்து! எங்க பூனைதான் வெளையாடுச்சு. இவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. சோறு வேணாம், பேச்சு வேணாம்... மாசக்கணக்கா, தம்பி. நானும் எத்தன நாளுதான் முதுகுகிட்டயே பேசுறது?

ஒருநா பட்டறையக் கூட்ட வந்தேன். பின்னாடியே செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. இந்தக் கைப்பிடியவே பாக்குறாரு. "என்ன, தொரைக்குச் சுத்தணுமாக்கும்?"னு கேட்டேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என்ன பண்றது... என் துப்பட்டியால அவரு கையக் கைப்பிடியோட சேத்துக் கட்டி, மேல என் கைய வெச்சுச் சுத்துனேன். அன்னைக்கும் நாந்தான் சுத்துனேன், மறுநாளும் நாந்தான். என் தோளு கழண்டுபோச்சு, அவரு கை மட்டும் மரக்கட்டையாட்டம் கெடக்கு. அப்பறம் ஒரு காலையில, மூஞ்சியில வேர்வையத் தொடைக்கலாம்னு கைய எடுத்தேன். சக்கரம் நிக்கல. ஓடுன வேகத்துல ஓடுதாக்கும்னு நெனச்சேன். இல்லீங்க. நிக்கவே இல்ல.

அன்னைக்குப் புடிச்சது பீடை! எங்க வூட்ல ஓட்டை இல்லாத சாமான் ஒண்ணு காட்டுங்க பாப்போம். தோசைக்கரண்டியில ஓட்டை. டப்பா மூடியில ஓட்டை. இடியாப்ப ஒரல்ல கடைக்காரனே ஓட்டை போட்டுத்தான் குடுத்தான், அதுக்கு நட்ட நடுவுல இவரு ஒண்ணு! அன்னைக்கு இடியாப்பம் மண்ணுளிப் பாம்பா எறங்குச்சு. அந்தக் கோவத்துல எம்மவகிட்ட, "இர்ஃபானா, அந்த டிரில் மிஷினப் போட்டோ புடிச்சு நெட்டுல போட்டு வித்துத் தொலைடீ"ன்னுட்டேன். சொன்ன பேச்ச ஒருநாளும் கேக்காதவ, அன்னைக்கின்னு பாத்துக் கேட்டுட்டா. நீங்களும் கார எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க.

பல்லு தேஞ்சிருக்கா? தேஞ்சிருக்கு. பிட்டும் ஆடும். மிஷின மாட்டியிருக்குற இந்தத் தூணுதான் கூரையத் தாங்குது, போல்ட்டக் கழட்டுனா கூரை நேரா உங்க மண்டையில. பொறவு இந்த ரசியா பேகம் சொல்லவே இல்லைன்னு சொல்லக்கூடாது பாருங்க.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ போடுறேன்னேனே... இந்தா, அவரே வந்துட்டாரு. ஏங்க, இந்தத் தம்பி பாண்டிச்சேரி. சும்மா பாக்க வந்துச்சு. பாத்துட்டுக் கெளம்புது. தம்பி, சலாம் சொல்லிக் கை நீட்டுறாரு பாருங்க, நீங்களும் குடுங்க. சோத்துக் கையத்தான்.

ஏன் நெளியுறீங்க?... ஏங்க! போதும், விடுங்க! அந்தப் புள்ள பாண்டிச்சேரி வரைக்கும் கார் ஓட்டிக்கிட்டுப் போவணும்!